ஆட்டுக்குப் போட்ட உரம்

மூட்டையைத் தராசில் வைத்ததும் மளிகைக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"பஞ்சுங்களா?"

"வெதைங்க."

25 கிலோ அரிசி பிடிக்கும் சாக்கு அது. வாய்வரை திணித்து, சணல் போட்டுக் கட்டி, புதுமாப்பிள்ளைத் தலையணை போலப் புடைத்திருந்தது. முள் 1 கிலோ 300 கிராமில் நின்றது. "சாக்கைக் கழிச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டவர், என் பதிலுக்குக் காத்திராமல் கழித்தார். 1 கிலோ 150. ஓர் ஏக்கர் காட்டில், ஒரு மழைக்காலம் முழுக்கக் காவல் காத்து நான் எடுத்த முதல் கொழுக்கட்டைப் புல் விதை மகசூல் அவ்வளவுதான். கடையில் நின்றிருந்த ஒருவர், வாங்க வந்த கடுகை மறந்துவிட்டுச் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்தில் 31 ஆண்டு கணக்கெடுத்தவன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அந்தந்தத் தெருவுக்கு உரிய தேதியில் போய் நின்று மீட்டரைப் பார்த்து வெள்ளை அட்டையில் எழுதியவன். காய்ச்சலோடும் போயிருக்கிறேன். நாள் தவறாத மனுசன் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. ஓய்வு பெற்றபோது கொடுத்த சால்வையை விட அந்தப் பெயரைத்தான் பெரிதாக நினைத்திருந்தேன். புல்லுக்கு யூரியா போடப் போய், நான்கே ஆண்டில் அந்தப் பெயர் போய்விட்டது.

காங்கயத்துக்குத் தெற்கே அப்பாரு விட்டுப்போன கொறங்காடு 4 ஏக்கர். புத்தகத்தில் கொரங்காடு என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் கொறங்காடுதான். சுற்றிலும் உயிருள்ள கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. ஆண்டு மழை 600 மி.மீட்டரைச் சுற்றித்தான். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். வேறு எந்த வெள்ளாமையும் கையைக் கடிக்கும் அந்த மண்ணில், இந்தப் புல்லை நம்பித்தான் காங்கயம் மாடுகளும் செம்மறிகளும் பல தலைமுறையாக வளர்ந்திருக்கின்றன. ஒருமுறை விதைத்தால் போதும். கோடையில் செத்தது போலக் கிடந்து, ஒரு மழைக்குத் தூரிலிருந்து மறுபடி எழுந்துவிடும். ஆண்டாண்டுக்கும் அப்படித்தான்.

அப்படிப்பட்ட புல்லுக்கு யாரும் யூரியா போடுவதில்லை. ஆட்டுப் புழுக்கையும் மாட்டுச் சாணமும்தான் அதற்கு உரம். எங்கள் வட்டாரத்தில் கொறங்காட்டுக்குள் யூரியா மூட்டையைச் சுமந்து போன முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். பார்த்தவர்கள், மூட்டையில் வேறு ஏதோ இருக்கிறதென்று நினைத்திருப்பார்கள்.

விதை எடுக்கும் ஆசை வந்தது ஒரு கணக்கால். தொடர்ந்து மழை பொய்த்த ஆண்டுகளில் பல காடுகளில் புல் அழிந்து சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. மறுபடி புல் விதைக்க நினைப்பவர்களுக்கு நல்ல விதை கிடைப்பதில்லை. கிலோ என்ன விலைக்குப் போகும் என்று ஒருவர் சொன்னார். அந்தத் தொகையை ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று நானாகவே வைத்துக்கொண்ட எண்ணால் பெருக்கினேன். பெருக்கி முடித்தபோது வீட்டுக்கு மேல்மாடி கட்டியிருந்தேன்.

முதல் ஆண்டு தெற்குப் பக்கம் ஓர் ஏக்கரைத் தடுத்துப் படல் வைத்தேன். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. பழைய புல் அப்படியே நின்றது. அதை அறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கார்த்திகையில் கதிர் எட்டிப் பார்த்தது, கருஞ்சிவப்பாக, அணில் வால் போல. பார்த்ததும் மனம் பொங்கிவிட்டது. பசியோடு இருக்கிற பிள்ளைக்குச் சோறு போடாமல் இருக்கிறோமே என்று, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று வாங்கி வந்தேன். 266 ரூபாய் 50 காசு. ஒரு மூட்டையையும் அந்த ஓர் ஏக்கருக்கே வீசினேன்.

பத்தே நாளில் காடு கருத்துவிட்டது. அப்படி ஒரு பச்சை. காலையில் போய்ப் படலோரம் நின்று, யாராவது வழியில் போனால் இருமுவேன். திரும்பிப் பார்க்கட்டும் என்று. தூரெல்லாம் புதுச் சிம்பு வெடித்தது. இலை முழங்காலுக்கு மேல் வந்தது. அப்புறம் ஒரு ராத்திரி மழையில் அத்தனையும் சாய்ந்து பாய் விரித்தது போலப் படுத்துக்கொண்டது. நான் முதலில் பார்த்த கதிர்கள் அந்தப் பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டன. யூரியாவுக்குப் பின் வெடித்த சிம்புகளில் சில அப்போதுதான் கதிர் தள்ளின. சில தள்ளவே இல்லை. ஒரே தூரில் கொட்டி முடிந்த கதிரும் பூத்த கதிரும் பொதியில் இருக்கும் கதிரும் சேர்ந்து நின்றால் எதைப் பறிப்பது, எதை விடுவது? அந்த ஏக்கரில் தேடித் தேடி உருவியதுதான் மளிகைக் கடைக்குப் போன தலையணை.

மிச்சப் புல்லில் ஆட்டை விட்டேன். மேய்ச்சலுக்குக் காடு பிடித்திருந்த ஆட்டுக்கார அக்கா, எனக்குப் பத்து வயது மூத்தவர், படலைத் தூக்கி உள்ளே வந்து, குனிந்து ஒரு பிடி இலையைப் பிய்த்துப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, ஒரம் வெதைக்குப் போட்டீங்களா, ஆட்டுக்குப் போட்டீங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறார். மறு ஆண்டும் ஆட்டுக்கே போடுவேனா என்பது அவருக்கு முக்கியம்.

போட்டேன்.

இரண்டாம் ஆண்டு, பிந்தியதுதான் பிழை என்று தெரிந்துகொண்டதால் முந்திக்கொண்டேன். செல்போனில் மழைக் குறி காட்டியது என்று ஆவணிக் கடைசியில், காய்ந்த தரையில் யூரியாவை வீசிவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தது மழையல்ல, தூறல். உரத்தைக் கரைக்கும் அளவுக்கு உண்டு. மண்ணுக்குள் இறக்கும் அளவுக்கு இல்லை. யூரியாவுக்கு இதைவிடக் கேடு வேறில்லை. மேலேயே கிடந்து கரைந்தால் அது அம்மோனியாவாக மாறிக் காற்றோடு போய்விடும். மறுநாள் படலைத் திறந்தபோது மூக்கில் சுருக்கென்று ஏறிய நெடியை, ஆட்டு மூத்திரம் என்று நினைத்து ஆட்டுக்கார அக்காவிடம் கோபித்துக்கொண்டேன். ஆடு அந்தப் பக்கம் வந்தே ஒரு மாதம் ஆயிற்று என்றார். நெடி என் மூட்டையிலிருந்து வந்தது. நான் வாங்கிய யூரியா வேப்பெண்ணெய் பூசியதுதான். அந்தப் பூச்சின் வேலை மண்ணுக்குள் போன பிறகு; தரைமேல் கிடந்து ஆவியாவதை அது பெரிதாகத் தடுக்காது.

காற்றோடு போகாத மிச்சத்தைப் புல் எடுத்துக்கொண்டு கொஞ்சம் தழைத்தது. அப்போதுதான் யாரோ, விதைக்கு விடுகிற புல்லை ஒருமுறை ஒட்ட அறுத்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். நல்ல யோசனை. அறுத்தேன். மிஞ்சிய உரம் முழுக்க அறுத்த கட்டில் இருந்தது. கட்டு ஆட்டுக்குப் போனது. அந்த ஆண்டு விதை 900 கிராம். இந்த முறை மளிகைக் கடைக்குப் போகவில்லை; வீட்டுத் தராசிலேயே நிறுத்தேன்.

மூன்றாம் ஆண்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நெல்லுக்குப் பிரித்துப் பிரித்து மேலுரம் கொடுக்கிறார்களே, அதேபோல் கொடுப்போம் என்று, மூட்டையைப் பங்குவைத்துக் கணக்கெடுப்புத் தேதி போல நாள் குறித்துப் போட்டேன். நெல் ஒரே நாளில் நட்டு ஒரே வயதில் நிற்கிற பயிர். அதற்கு அது சரி. என் காட்டில் தூருக்கு ஒரு வயது, சிம்புக்கு ஒரு வயது. ஒவ்வொரு பங்கும் ஒரு புதுத் தலைமுறைச் சிம்பைக் கிளப்பிவிட்டது. தை மாதம் வரை கதிர் வந்துகொண்டே இருந்தது. எதுவும் ஒன்றுசேர்ந்து முற்றவில்லை.

நடுவில் படிப்பும் நடந்தது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் வில்லமட் பள்ளத்தாக்கு என்று ஒன்று. அங்கே புல்லை விதைக்காகவே மைல் கணக்கில் வளர்க்கிறார்கள். லின் கவுண்டி என்கிற மாவட்டம், உலகத்தின் புல்விதைத் தலைநகர் என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய ரை புல்லுக்குக் குளிர் வேண்டும். இலையுதிர் காலத்தில் வெடித்த சிம்பு ஒரு குளிர்காலத்தைத் தாங்கினால்தான் கதிராகும். அதனால் தழைச்சத்தின் பெரும்பங்கை வசந்தத்தில், தண்டு நீளத் தொடங்கும் பருவத்தை ஒட்டிக் கொடுக்கிறார்கள். குளிர்காலத்தில் அந்த வயல்களில் செம்மறி மேய்கிறது என்று படித்ததும், அடடா நம்ம ஆள்கள் என்று மனம் ஒட்டிக்கொண்டது.

அங்கே மேய்ச்சல் நிலத்துக்கு முதல் உரம் போட ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜனவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்தையும் செல்சியசில் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை 200 ஆனால் உரம் போடலாம். கணக்கு என்றால் நான் விடுவேனா? காங்கயத்துக்குப் போட்டேன். இங்கே ஜனவரியிலும் ஒரு நாளைக்கு 25 வந்துவிடுகிறது. ஜனவரி 8ஆம் தேதி 200. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால், மழை ஓய்ந்து புல் காய்ந்துகொண்டிருக்கும் நேரம். நோட்டில் அந்தத் தேதியை வட்டமிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்து, பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவர்களுடைய புல் வெப்பத்துக்குக் காத்திருக்கிறது. நம்முடையது ஈரத்துக்கு. இது எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்குத் தெரியும்.

எனக்குப் புரியவைத்தவர் தீவனப் பயிர்ப் பயிற்சி ஒன்றில் பேச வந்த பேராசிரியை. இளவயதுதான், என் மகள் வயது இருக்கும். பயிற்சி முடிந்து எல்லாரும் தேநீருக்குப் போனபோது, நான் பையிலிருந்து கொழுக்கட்டைப் புல் தூர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து மூன்று ஆண்டுக் கதையையும் சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, சவர பிளேடு கிடைக்குமா என்றார். வாங்கி வந்தேன். கதிரே தெரியாத, வெறும் இலையாக நின்ற ஒரு சிம்பைப் பிய்த்து, அடியிலிருந்து நீளவாக்கில் கீறினார். உறைக்குள் உறையாக விலக்கி, பூதக்கண்ணாடியை என் பக்கம் நகர்த்தினார். உள்ளே குண்டூசித் தலையை விடக் கொஞ்சம் நீளமாக, வெள்ளையாக, வரிவரியாக ஒன்று.

"கதிர் சார். வெளிய வரப் பல நாள் ஆகும். ஆனா உள்ள முடிவாயிடுச்சு."

அதைப் பார்த்தபடியே நின்றேன். ஒரு சிம்பு, இலை விடும் வேலையை நிறுத்திக் கதிர் கட்டும் வேலைக்குத் திரும்புவது நம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்து முடிந்துவிடுகிறது. விதைக் கணக்கில் பெரிய எண் கதிர்களின் எண்ணிக்கை. எத்தனை கதிர் என்பது, அறுத்த பிறகு எத்தனை சிம்பு சேர்ந்து வெடித்துத் தேறுகிறது என்பதைப் பொறுத்தது. தழைச்சத்துக்கு வேலை அந்த நேரத்தில். கதிர் வெளியே வந்தபின் போடுகிற உரம் மணி பிடிக்கக் கொஞ்சம் உதவலாம், கதிரைக் கூட்டாது. இலையைக் கூட்டும், சாய்க்கும், வேண்டாத புதுச் சிம்பை எழுப்பும். அறுப்பதற்கு முன்னால் போடுகிற உரமோ, அறுத்த கட்டோடு போகும். நான் இரண்டு பக்கமும் தவறி, நடுவில் இருந்த அந்தச் சில நாளை மட்டும் மூன்று ஆண்டும் துல்லியமாக விட்டிருக்கிறேன்.

"எவ்ளோ போட்டீங்க?" என்றார்.

"ஏக்கருக்கு ஒரு மூட்டை."

புத்தகத்தில் எங்கள் புல்லுக்கு எக்டேருக்குத் தழை 25, மணி 40, சாம்பல் 20 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். வகுத்தால் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா; அரை மூட்டைக்கும் குறைவு. 31 ஆண்டு யூனிட்டைப் பெருக்கி வகுத்த எனக்கு அந்த வகுத்தல் தோன்றவில்லை என்பதை அவர் சொல்லிக்காட்டவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

நான்காம் ஆண்டு எல்லாம் சரியாகச் செய்தேன். இதை இன்னொருமுறை எழுதிக்கொள்ள ஆசையாக இருக்கிறது: எல்லாம் சரியாகச் செய்தேன். புரட்டாசிக் கடைசியில் ஓர் உழவு மழை பெய்தது. ஆட்டை வெளியேற்றி, படலைக் கட்டி, புல்லை ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல் ஒரே சீராக அறுத்தேன். மூன்றாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, 22 கிலோவை நிறுத்து வீசினேன். அன்று சாயங்காலமே கனிந்து ஒரு மழை. காடு முழுக்க ஒரே வயதில் எழுந்தது. இந்த முறை கருத்த பச்சையெல்லாம் இல்லை. படலோரம் இருமி ஆள் சேர்க்கும் அழகு அதில் இல்லை. கார்த்திகையில், படை புறப்பட்டது போல ஏக்கர் முழுக்க ஒன்றாகக் கதிர் தள்ளியது.

இந்தப் புல்லின் விதை முற்றினால் செடியில் நிற்காது. மெல்லிய முடி சூழ்ந்த சிறு சிறு பொதியாக, தொட்டால் உதிரும், காற்றுக்குப் பறக்கும். கதிர் வெளுக்கத் தொடங்கியதும் இடுப்பில் துணிப்பை கட்டி, நாலு நாளைக்கு ஒருமுறை கையால் உருவிக்கொண்டே வர வேண்டும். முதல் உருவல் 3 கிலோ வந்தது. இரண்டாவதற்கு நாள் குறித்திருந்தேன். அதே நாளில் கரூரில் மச்சான் மகளுக்குக் கல்யாணம்.

"ஏனுங்க, புல்லைக் காரணம் சொல்லி எங்கண்ணன் ஊட்டுக் கல்யாணத்துக்கு வராம இருப்பீங்களா?" என்றாள் என் வீட்டுக்காரி. அப்படிக் கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. மூன்று நாள் கழித்துத் திரும்பிவந்தபோது வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஏக்கர் முழுக்கக் கதிர்க்காம்பு மட்டும் நின்றது, பல் போன சீப்பு போல. விதை வேலியோரம் ஒதுங்கிக் கிடந்தது. எறும்பு அதற்குள் சாலை போட்டிருந்தது. கூட்டி அள்ளிப் புடைத்ததில் மண்ணும் விதையுமாக இன்னொரு 3 கிலோ.

இதே புல் ஆஸ்திரேலியாவில் பாலைவனத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டகச் சேணத்துக்குள் அடைத்த பஞ்சாகப் போய் இறங்கியதாகச் சொல்கிறார்கள். இப்போது அதை ஒழிக்க முடியாமல், தெற்கு ஆஸ்திரேலியா களை என்று சட்டப்படி அறிவித்திருக்கிறது. ஒருவரும் அதற்கு நாள் பார்த்து யூரியா போட்டிருக்க மாட்டார்கள். ஒரு கண்டத்தால் நிறுத்த முடியாத புல்லை ஓர் ஏக்கரில் எடுக்கத் தெரியாமல் நான் இருந்தேன் என்பதைப் படித்த அன்று, இரவுச் சோறு கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கியது.

இன்னும் ஒன்று பாக்கி. கல்யாண வீட்டில் வாய் தவறி, மச்சானுடைய காட்டுக்கு விதை தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பொங்கல் கழிந்ததும் முதல் உருவலில் வந்த நல்ல விதை 3 கிலோவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏக்கருக்குச் சரியான அளவு. கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி, ஈர மணலில் கலந்து, முறையாகத்தான் விதைத்தார். ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது.

"மாப்ள, ஒண்ணுகூட மொளைக்கலீங்க. யூரியா சாஸ்தி ஆயிருச்சுங்களா?"

யூரியா ஜாஸ்தி ஆகவில்லை. கொழுக்கட்டைப் புல் விதைக்கு உறக்கம் உண்டு. பறித்த விதை ஆறு முதல் எட்டு மாதம் வரை கிடந்து ஆற வேண்டும். அதற்கு முன் போட்டால் முளைக்காது. உரத்துக்கு நாள் கற்றவன் விதைக்கு நாள் பார்க்காமல் விட்டேன். வேலியோரம் கூட்டி அள்ளிய அந்த மண் கலந்த 3 கிலோவைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டு மறந்திருந்தேன். அடுத்த ஆவணியில் வீட்டுக்காரி பரணைச் சுத்தம் செய்து, குப்பை என்று புழக்கடையில் கொட்டினாள். நாலாவது மழைக்குப் புழக்கடை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். துணி துவைக்கும் கல்லைச் சுற்றிக்கூட முளைத்தது.

போன மார்கழியில் பறித்த 9 கிலோ 400 கிராம் இப்போது பரணில் இருக்கிறது. அந்த மாதம் எங்கள் பக்கத்தில் கல்யாணம் எதுவும் இல்லை. பரண்மேல் "குப்பை அல்ல" என்று அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். விதை வேண்டும் என்கிறவர்கள் ஆவணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் வந்தால் மோர் தருகிறேன். விதை தர மாட்டேன்.